கரண்ட் போன பிறகும் இறங்கிய விலை

டேய் நைனா,

இந்தக் கடிதம் உன் பெட்டியில் ரசப்பொடி டப்பாவுக்கு அடியில் இருக்கும். பெட்டியைத் திறந்ததும் நீ சட்டையைத்தான் தேடுவாய், பொடி டப்பாவைத் தொடக்கூட மாட்டாய் என்று எனக்குத் தெரியாதா? அதனால்தான் சட்டைகளை எல்லாம் அதற்கும் கீழே அடுக்கியிருக்கிறேன். இனி நீ தப்ப முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும். உன் டெல்லி வண்டி நம் கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. நான் பிளாட்பாரத்தில் நின்று கை காட்டுவதாக இருக்கிறேன். நீ எந்தப் பெட்டியில் இருப்பாய் என்று தெரியாததால் எல்லாப் பெட்டிக்கும் காட்டுவேன். பார்க்கிறவன் லூசு என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

மூன்று நாளாக நான் உன்னோடு சரியாகப் பேசவில்லை. "இன்னாம்மா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீறே?" என்று நீ கேட்டதற்குப் பல்வலி என்று சொன்னேன். அது பொய். உன் அப்பா அதை நம்பி, காக்களூரில் ஷிப்டு முடித்து வரும்போது கிராம்புத் தைலம் வாங்கி வந்துவிட்டார். பாவம், ஆசையாக வாங்கி வந்த மனுஷனிடம் என்ன சொல்வது? நல்ல பல்லுக்கு இரண்டு வேளை தைலம் தடவிக்கொண்டு வாயெல்லாம் மரத்துப்போய்க் கிடந்தேன். உண்மைக் காரணம், நீ சேரப் போகிற வக்கீல் ஆபீஸ். பெரிய கம்பெனிகளுக்காக வாதாடுகிற இடம் என்று சொன்னாயே, இன்டர்நெட்டில் கடை விரிக்கிறவர்கள், ஏலம் விடுகிறவர்கள் எல்லாம் அங்கே வருவார்கள் என்று சொன்னாயே, அப்போதே எனக்கு அந்த டை கட்டின தம்பியின் முகம் ஞாபகம் வந்துவிட்டது. சாம்பார் கரண்டி கையில் இருந்தது, நல்லவேளை நீ எட்டி நின்றிருந்தாய்.

போகாதே என்று சொல்ல வரவில்லை. படித்த பிள்ளை, வந்த வேலையை விடக் கூடாது. ஆனால் அந்த ஏலத்தன்று நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். நீ எனக்காகக் கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் நின்ற என் மனசுக்குள் என்ன ஓடியது என்பதை நீ பார்க்கவில்லை. அதையும் தெரிந்துகொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்.

அந்த இரும்பு ஆலைக்கு மதியச் சாப்பாடு போடுகிற காண்டிராக்ட்தான் நம் மெஸ்ஸுக்கு உயிர். மற்றதெல்லாம் சில்லறை. அது போனால் அடுப்பை அணைத்துவிட்டு வேலை செய்கிற பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான், உன் கடைசி வருஷச் சட்டப் படிப்பும் அந்தரத்தில் தொங்கும். இது நிலைமை. அப்போது தொழிற்பேட்டையில் சாப்பாடு போடுகிறவர்கள் நாங்கள் மூன்று பேர். பழவேற்காட்டில் இருந்து வந்த காதர் பாய் ஒருவர். எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் லாரிக்காரர்களுக்குச் சோறு போட்டுப் பெரிய ஆளான ரங்கய்யா ஒருவர். மூன்றாவது நான். வெளியே எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் மூன்று பேருடைய கிரைண்டரும் பஜாரில் ஒரே ரிப்பேர் கடைக்குத்தான் போகும். அங்கே சந்தித்துக்கொண்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்பதால், பேச வேண்டிய நாளில் யாராவது ஒருவருடைய கிரைண்டர் கெட்டுப்போய்விடும்.

எந்த ஆலை யாருக்கு என்று அங்கேதான் பிரித்துக்கொண்டோம். இரும்பு ஆலை எனக்கு, கெமிக்கல் கம்பெனி பாய்க்கு, ஒயர் கம்பெனி ரங்கய்யாவுக்கு. ஒருத்தருடைய ஆலையில் அடுத்தவரிடம் விலை கேட்டால், வேண்டுமென்றே கூட்டிச் சொல்ல வேண்டும். உன் படிப்பில் இதற்குக் கார்டெல் என்று பேராம். நாங்கள் ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எண்ணெய் விலை ஏறியபோது சாப்பாட்டோடு வடை வைப்பதை நிறுத்துவது என்றும் ஒரு தரம் சத்தியம் செய்தோம். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ரங்கய்யா சோற்றுக்கு உள்ளே வடையைப் புதைத்து அனுப்பினார். பாய் குழம்புக்கு அடியில் முட்டை போட்டார். நான் வெள்ளிக்கிழமை பாயசம் ஊற்றிவிட்டு அம்மன் பிரசாதம் என்று சொன்னேன். பிரசாதத்தை எவனாவது குறை சொல்ல முடியுமா? அன்றிலிருந்து மூன்று பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை துளிகூட இல்லை.

இந்த நேரத்தில்தான் மெட்ராஸில் இருந்து அந்த டை தம்பி வந்தான். வேகாத வெயிலில் கழுத்தில் சுருக்குப் போட்டுக்கொண்டு, முகத்தில் வேர்வை வழிய, அப்படி ஒரு சிரிப்பு. இரும்பு ஆலையின் பர்ச்சேஸ் மேனேஜரை மடக்கிவிட்டான். இனிமேல் காண்டிராக்ட் எல்லாம் அவனுடைய வெப்சைட்டில் ஏலம் விடுவார்களாம். சாதாரண ஏலம் ஏறும், இது இறங்கும். யார் குறைத்துக் கேட்கிறார்களோ அவர்களுக்குச் சாப்பாடு. ஸ்கிரீனில் கடைசி விலை மட்டும் தெரியும், போட்டது யார் என்று தெரியாது. "உங்களுக்கு ஃப்ரீ சர்வீஸ்க்கா, பதிவு பண்ணிக்கினா போதும்" என்றான். நானும் சந்தோஷமாகப் பதிந்தேன். எதையும் ஓசி என்று ஒருத்தன் சொன்னால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று உனக்குச் சின்ன வயசில் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். "மொத்தம் யாரு யாரு பதிஞ்சி கீறாங்க?" என்று கேட்டேன். "நீங்க மூணு பேர்தான்க்கா" என்றான்.

உடனே என்னுடைய கிரைண்டர் கெட்டுப்போனது. ரிப்பேர் கடையில் கூடினோம். ஒரு சாப்பாட்டுக்கு இருபத்தைந்து ரூபாய்க்குக் கீழே யாரும் இறங்குவதில்லை, இரும்பு ஆலை எனக்கே இருக்கட்டும் என்று முடிவு. பாய் கிரைண்டர் கல் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். ரங்கய்யாவும் வைத்தார். நான் அவர்கள் இரண்டு பேரின் கண்ணையும் பார்த்தேன், வடை ஞாபகம் வந்தது.

ஏலத்தன்று நீ லீவு போட்டுவிட்டு என்னை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போனாய். அவரவர் அவரவர் இடத்தில் இருந்து செய்வதாகத்தான் பேச்சு. ஆனால் பஜாரில் நெட் ஒழுங்காக வருகிற இடம் அது ஒன்றுதானே? போனால், நடு அறையில் பாய், அந்தப் பக்கம் ரங்கய்யா. நடுவே பிளைவுட் தடுப்பு. மூன்று பேரும் சொந்தக்காரன் கல்யாணத்தில் பார்த்துக்கொண்ட மாதிரி அசட்டுச் சிரிப்புச் சிரித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். நீ இருபத்தைந்து என்று போட்டாய். நான் முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றேன். ஸ்கிரீனில் இருபத்து நாலு வந்தது.

எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. தடுப்பைத் தட்டி, "பாய்! இன்னா இது? கல்லு மேல கைய வெச்சிட்டு இப்பிடிப் பண்ணிக்கினு கீறீங்க?" என்று கத்தினேன்.

"அல்லா மேல ஆணையா நான் இல்ல தங்கச்சி! ரங்கய்யாவக் கேளு!"

"நேனு காது!" என்று அந்தப் பக்கத்தில் இருந்து, நான் இல்லை என்று தெலுங்கில் அலறல். "எனக்கு இந்த கம்ப்யூட்டர் எலியப் புடிக்கவே வர்ல, எங்கம்மா தட்றது? டப்பு, காசு வேணும்னா நான் நேரா கேப்பேன்!"

"சோத்துல வடைய பொதைச்ச ஆளுதானே நீ!" என்றார் பாய்.

"நீ முட்டைய ஒளிக்கல?"

சரி, யாரோ ஒருத்தர் ஏமாற்றுகிறார், நாமும் விடக் கூடாது என்று உன்னை இறக்கச் சொன்னேன். இறக்கினாய். உடனே இன்னொன்று கீழே வந்தது. கோபத்தில் பாய் தட்ட, எலி பிடிக்கத் தெரியாத ரங்கய்யாவும் தட்ட, விலை படியில் உருண்ட தவலை மாதிரி இறங்கிக்கொண்டே போனது. "அம்மா, இதுக்கு மேல போனா அரிசி காசுகூட வராது" என்று நீ சொன்னாய். "பரவால்ல, தட்டு" என்றேன். என் வாய்தான் அப்படிச் சொன்னது. மனசுக்குள், சமையல்கட்டில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணிடமும் நாளைக்கு என்ன சொல்லி அனுப்பப் போகிறோம் என்று ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டரை என்று நீ போட்டாய். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

மின்விசிறி நின்றது, கம்ப்யூட்டர் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டது. கடைக்காரர், "யுபிஎஸ் பேட்டரி பூட்ச்சி, ஊர் முழுக்கவே கரண்ட் இல்ல" என்று கையை விரித்தார். எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி. கடைசியாக நின்றது என் விலை. வியர்த்து வழிய மூன்று பேரும் வெளியே வந்து வாசலில் நின்றோம். ஆலையில் ஜெனரேட்டர் உண்டே, அங்கே நெட் ஓடும் என்று மேனேஜருக்குப் போன் போட்டேன். "சார், இங்க கரண்ட் இல்ல, ஏலத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க சார்" என்றேன்.

"கரண்ட் இல்லியா? இப்பதானேம்மா ஒருத்தர் பதினெட்டு போட்டாரு" என்றார்.

நான் பாயைப் பார்த்தேன். பாய் கையில் டீ டம்ளர். ரங்கய்யாவைப் பார்த்தேன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று பேரின் கையும் என் கண் முன்னால் இருக்கிறது, விலை தன்பாட்டுக்கு இறங்குகிறது. "ஒரு வேள பேயா கீமோ?" என்றார் ரங்கய்யா. அந்த மனுஷன் நிஜமாகவே பயந்துவிட்டார் தெரியுமா? கையில் இருந்த கயிற்றைத் தொட்டுக் கும்பிட்டார்.

சாயங்காலம் ஜெயித்த கம்பெனியின் பேரும் போன் நம்பரும் வந்தன. நாங்கள் கேள்விப்படாத ஏதோ ஒரு ஃபுட் சர்வீஸ். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிடலாம் என்று பாய் தன் செல்லில் அடித்தார். ஸ்பீக்கரில் போட்டார். "வணக்கம், சொல்லுங்க பாய், நல்லா கீறீங்களா?" என்று வந்தது குரல். டை தம்பியின் குரல்தான். பாய் செல்லை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார். "தம்பி, ஏலம் வுடறதும் நீ, எடுக்கிறதும் நீயா?" என்று மட்டும் கேட்டார். அவன் கூசவே இல்லை. "மேடை எங்களுது பாய். அதுல நாங்களும் ஆடக் கூடாதுன்னு எங்க எழுதிக் கீது?" என்றான். எங்கள் மூன்று பேரின் விலையும் பேரோடு அவனுக்குத் தெரியும். அவன் விலை எங்களுக்குத் தெரியாது. கபடியில் விசில் ஊதுகிறவனே பாடிக்கொண்டு வந்து தொட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது? அன்றைக்கு ராத்திரி நீ சாப்பிடாமல், "இது எப்பிடிம்மா செல்லும்? எந்தச் சட்டத்துல செல்லும்?" என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாய். நீ இந்தப் போட்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது அன்றைக்குத்தான் என்று நான் எல்லோரிடமும் பீற்றிக்கொள்வது உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாதது இனிமேல்தான் வருகிறது. அந்த டை தம்பிக்கு வெப்சைட்தான் உண்டு, அடுப்பு கிடையாது. மறுநாள் எனக்குப் போன் செய்து, "அக்கா, சமையல் நீங்களே பண்ணுங்க, பதினாறுக்கு எனக்குக் குடுத்துடுங்க" என்றான். என் காண்டிராக்டைப் பிடுங்கி எனக்கே வாடகைக்கு விடுகிறான்! ஆனால் நான் சட்டென்று மாட்டேன் என்று சொல்லவில்லை, நைனா. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுப்பு அணையாமல் இருந்தால் போதும் என்று அவ்வளவு பயம் எனக்கு. கிரைண்டர் கடைக்குப் போனால், மற்ற இரண்டு பேருக்கும் அதே போன் வந்திருக்கிறது. "பதினாறுக்கு அரிசி களைஞ்ச தண்ணிதான் ஊத்த முடியும்" என்றார் பாய். அவனுக்கு யாரும் சமைத்துக் கொடுப்பதில்லை, அந்த ஆலைக்கு யாரும் உலை வைப்பதில்லை என்று மறுபடியும் கல் மேல் சத்தியம். இதுவும் தப்புதான், கூட்டாகச் சேர்ந்து மறுப்பது என்று பின்னால் நீ எனக்கு வகுப்பு எடுத்தாய். நல்லவேளை, அப்போது அந்தச் சட்டம் புத்தகத்தில்தான் இருந்தது, நடப்புக்கு வரவில்லை என்றாய். பெற்ற தாயை இந்த அளவுக்குக் காப்பாற்றியதற்கு ரொம்ப சந்தோஷம்.

முதல் நாள் அவன் மெட்ராஸில் இருந்து வேனில் சாப்பாடு அனுப்பினான். நம் ஹைவே லாரி நெரிசல் எந்த வெப்சைட்டிலும் தெரியாது போலிருக்கிறது. மதிய மணி அடித்து முக்கால் மணி நேரம் ஆகியும் வேன் வரவில்லை. ஆலைக்குள் ஆட்கள் தட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மேனேஜர் எனக்குப் போன் செய்து, "யம்மா, பேஜாராப் பூட்ச்சி, ஏதாவது இருந்தா எடுத்துக்கினு வாம்மா!" என்று அழாத குறை.

நான் எதுவும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் சத்தியப்படி அந்த ஆலைக்கு அன்று நான் உலை வைத்திருக்கக் கூடாது. ஆனால் விடியற்காலையிலேயே முழு ஆலைக்கும் சமைத்துத் தயாராக வைத்திருந்தேன். வேன் வராவிட்டால் நமக்கு லாபம், மற்ற இரண்டு பேரும் நல்லவர்கள், சமைக்க மாட்டார்கள் என்று கணக்கு. ஆட்டோவில் அண்டாவை ஏற்றிக்கொண்டு ஆலை கேட்டுக்குப் போய் இறங்கினால், எனக்குப் பின்னால் ஒரு ஆட்டோ. உள்ளே பாயும் ஒரு பெரிய சோற்று டபராவும். அவர் இறங்குவதற்குள் ரங்கய்யாவின் மினி லாரி. மூன்று பேரும் ஒருவர் அண்டாவை ஒருவர் பார்த்தோம். வாட்ச்மேன் எங்களைப் பார்த்தான். "ஊட்டுக்குச் செஞ்சது மீந்து போச்சி" என்றார் ரங்கய்யா. முழு ஆலைக்கும் மீந்த சோறு! நான் சிரித்த சிரிப்பில் தலைமுடி அவிழ்ந்துபோனது. பாய் சிரிப்புத் தாங்காமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு ஆட்கள் மூன்று பேர் சாப்பாட்டையும் சாப்பிட்டார்கள். கிரேன் ஓட்டுகிற செல்வி என்று ஒரு பெண், ஆலைக்கே வாயாடி. தட்டோடு என் முன்னால் வந்து நின்றாள். "யக்கா, தப்பா எடுத்துக்காத. பாய் குழம்பு சூப்பரு. ரங்கய்யாவோட பருப்புப் பப்பு அதைவிட. உன் ரசந்தான் தண்ணி" என்றாள்.

"இத்தினி வருசமா தின்னுக்கினுதானே இருந்தீங்க? ஒருத்தராவது சொன்னீங்களா?" என்று சண்டைக்குப் போனேன்.

"நீ ஒருத்திதானே போட்டுக்கினு இருந்தே. சொல்லி இன்னா ஆவப் போவுது?" என்று சொல்லிவிட்டு, ரங்கய்யாவிடம் இன்னொரு கரண்டி பப்பு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. வேன் மூன்று மணிக்கு மேல் வந்தது, சாம்பார் புளித்துப் பொங்கியிருந்தது, டை தம்பியின் காண்டிராக்ட் அந்த வாரமே முடிந்தது, எல்லாம் சரி. அதில் எனக்குச் சந்தோஷமே வரவில்லை. மேனேஜர் அதற்குப் பிறகு செய்ததுதான் உனக்குத் தெரியுமே. கேன்டீனில் மூன்று ஜன்னல், மூன்று பேருக்கும் ஒன்று, ஆட்கள் டோக்கனை எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம். முதல் வாரம் என் ஜன்னலில் ஈ ஓட்டினேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பாய் ஜன்னல் வரிசையை எட்டி எட்டிப் பார்ப்பேன். அப்புறம் ரோஷம் வந்து பருப்புத் தண்ணியை அளந்து ஊற்றி, மிளகை அன்றன்றைக்கு இடித்து ரசம் வைத்தேன். ஒரு மாசத்தில் செல்வி வந்து டோக்கனை நீட்டினாள். நம் மெஸ்ஸில் ஒரு பெண்ணைக்கூட வீட்டுக்கு அனுப்பாமல் பிழைத்துக்கொண்டோம்.

அந்த வாரத்தில்தான் உன்னைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். "ஏன்டா, பொறந்ததுலேர்ந்து இதே ரசத்தைத்தானே தின்னே. நீயாவது தண்ணின்னு சொல்லக் கூடாதா?" நீ தட்டில் இருந்து தலையைத் தூக்காமலே, "சொல்லிட்டு எங்க போறது? ஊட்ல ஒரே மெஸ்ஸுதானேம்மா" என்றாய். உன் அப்பா அன்றைக்குச் சிரித்தது தெருமுனை வரை கேட்டது. நான் கரண்டியால் உன் தலையில் தட்டினேன். ஆனால் அந்த வார்த்தை எனக்குள் இன்னும் இருக்கிறது.

அதனால் சொல்கிறேன். பெரிய கம்பெனிக்காரனுக்கு வாதாடுவதென்றால் வாதாடு. அவன் எல்லாம் கெட்டவன், நாங்கள் எல்லாம் யோக்கியர் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. கிரைண்டர் கல்லே சாட்சிக்கு வரும். ஆனால் அந்த டை தம்பி மாதிரி ஒருத்தன் ஒரு நாள் உன் மேசைக்கு எதிரில் வந்து உட்காருவான். எங்களை மாதிரி நாலு பேர் மேல் அவன் கேஸ் வைத்திருப்பான், அல்லது அவர்கள் அவன் மேல் வைத்திருப்பார்கள். அவனுக்கு ஒரு காபி வாங்கிக் கொடு. பைலைத் திறப்பதற்கு முன்னால், "சார், ஊர் முழுக்கக் கரண்ட் போனப்போ விலையைக் குறைச்சது யாரு?" என்று கேள். அவன் நேராகப் பதில் சொன்னால் வாதாடு. கழுத்து டையைச் சரிசெய்தால் எழுந்து வந்துவிடு, மெஸ்ஸில் கணக்கு பார்க்க ஆள் வேண்டும்.

பெட்டிக்கு மேலே மூன்று பொட்டலம் இருக்கிறதே, ஒன்று பாய் கொடுத்த பிரியாணி, ஒன்று ரங்கய்யாவின் புளியோதரை, ஒன்று என்னுடையது. யாரும் யாரிடமும் சொல்லாமல் தனித்தனியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள், வழக்கம்போல. எது நன்றாக இருந்தது என்று மூன்று பேருக்கும் போன் செய்து உண்மையைச் சொல். எனக்காகப் பொய் சொல்லாதே.

டெல்லியில் தெருவுக்குப் பத்து மெஸ் இருக்குமாம். எல்லாவற்றிலும் சாப்பிடு, எனக்கு வருத்தமில்லை. இத்தனை வருஷம் உனக்கு வேறு வழி இல்லாமல் என் ரசத்தைக் குடித்தாய், அதில் எனக்கு என்ன பெருமை? இனிமேல் உனக்கு எங்கே வேண்டுமானாலும் போக வழி இருக்கிறது. எல்லாவற்றையும் தின்று பார்த்துவிட்டு, பொங்கலுக்கு நீயாக டிக்கெட் எடுத்து வந்து என் முன்னால் தட்டை நீட்டுவாயே, அன்றைக்குத்தான்டா நான் ஜெயித்தேன் என்று அர்த்தம்.

பல்வலி சரியாகிவிட்டது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா